டாக்டர் சுப்பாராவும் நம் வீட்டு மருந்து டப்பாவும்



மருந்து டப்பா இல்லாத ஃபிளாட் நம் குடியிருப்பில் அநேகமாக இருக்காது. பழைய பிஸ்கட் டப்பாவோ, ஃப்ரிட்ஜ் மேல் வைத்த பிளாஸ்டிக் கூடையோ, ஏதோ ஒன்று இருக்கும். அதில் காய்ச்சல் மாத்திரை, தலைவலித் தைலம் இவற்றுக்கு நடுவே பாதி காலியான ஆன்டிபயாடிக் அட்டை ஒன்றும் கிடக்கும். போன தடவை டாக்டர் ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்திருப்பார். மூன்றாம் நாளே உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தியிருப்போம். அடுத்த முறை வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆகும் என்று எடுத்தும் வைத்திருப்போம்.

அந்த அட்டைக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. சென்னையில் படித்து, அமெரிக்காவில் உழைத்து, 53 வயதில் மறைந்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர். அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த மருந்துகள் நம் கள்ளக்குறிச்சி மாவட்டக் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒரு வகை இன்று பலம் குறைந்து வருகிறது. அதில் நம் மருந்து டப்பாவுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இந்தக் காலாண்டு இதழில் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

பீமவரத்துப் பையன்

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். ஏழு குழந்தைகள் உள்ள வீடு. கையில் காசு தங்காத குடும்பம். பள்ளிப் பருவத்திலேயே வீட்டை விட்டு ஓடிப்போய், காசிக்குப் போகும் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பிழைக்கலாம் என்று கிளம்பியவர் அவர். தாய் வெங்கம்மா விடவில்லை. பிடித்துக் கொண்டுவந்து மறுபடி பள்ளியில் உட்கார வைத்தார். தந்தை மறைந்த பிறகும் மகனின் படிப்பை அந்த அம்மா நிறுத்தவில்லை.

படிப்பு எளிதாக ஏறவில்லை. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறினார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது முயற்சியில்தான் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. அந்த நாட்களில் அவர் மனம் ராமகிருஷ்ண மடத்தின் பக்கம் போனது. துறவியாகிவிட நினைத்தார். தாய் சம்மதிக்கவில்லை. மடத்தில் இருந்தவர்களும், மருத்துவம் படித்தால் அதுவே பெரிய சேவை என்று வழிகாட்டினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அது காந்தியின் கதர் இயக்கம் பரவிய காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றுதான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலையில் அமர்ந்தார்.

இதற்கிடையில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைச் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கும் இரத்தசோகையுமாக ஆள் உருகிப்போவார். சுப்பாராவையும் அந்த நோய் படுக்கையில் தள்ளியது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். மருத்துவம் படித்தும் உடன்பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியாமல் போனது அவருடைய வாழ்க்கையைத் திசை திருப்பியது. நோயாளிகளைப் பார்க்கும் வேலையை விட, நோய்க்கு மருந்து தேடும் வேலைதான் தனக்கு என்று முடிவு செய்தார்.

பாஸ்டனில் இரவு வேலை

1920-களின் தொடக்கத்தில், மாமனாரும் காக்கிநாடாவைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையும் செய்த உதவியில் கப்பல் ஏறி, அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். ஹார்வர்டில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய படிப்பு. அவரிடம் இருந்த சான்றை வைத்து அங்கே மருத்துவராகப் பணிபுரிய முடியாது. எனவே இரவில் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவிச் சம்பாதித்தார். பகலில் ஆய்வுக்கூடம். ஊரில் கருவுற்றிருந்த மனைவி சேஷகிரியை விட்டு வந்திருந்தார். மகன் பிறந்தான், குழந்தையாகவே இறந்தும் போனான். அந்தக் குழந்தையின் முகத்தைச் சுப்பாராவ் பார்க்கவே இல்லை. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு போனவர், கடைசி வரை இந்தியா திரும்பவில்லை. மனைவியையும் மறுபடி சந்திக்கவில்லை.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து வேலை செய்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க இருவரும் ஒரு முறையைக் கண்டுபிடித்து 1925-இல் வெளியிட்டார்கள். உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் அதை ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்றே இன்றும் படிக்கிறார்கள். 1927-இல் தசைகளில் உள்ள பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளையும், 1929-இல் ஏ.டி.பி. என்ற பொருளையும் பிரித்தெடுத்தார்கள். நாம் மாடிப்படி ஏறும்போதும், தூங்கும்போது நெஞ்சு துடிக்கும்போதும் செலவாகும் சக்தி இந்த ஏ.டி.பி.தான். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். 1930-இல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பதவி மட்டும் கிடைக்கவில்லை.

சகோதரர்களுக்குக் காலம் கடந்து வந்த மருந்து

1940-இல் அவர் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராகி, எட்டே ஆண்டுகளில் அவருடைய குழு கொடுத்தவை ஏராளம்.

முதலாவது ஃபோலிக் அமிலம். 1930-களின் தொடக்கத்தில் பம்பாயில் மில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களின் இரத்தசோகையை ஈஸ்ட் சாறு குணப்படுத்துவதை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கண்டிருந்தார். ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள்தான் ஃபோலிக் அமிலம். அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கும் வழியை 1945-இல் சுப்பாராவின் குழு வெளியிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுதான்.

அந்த ஃபோலிக் அமிலத்தின் உருவத்தையே சற்று மாற்றிச் செய்த மருந்துகளை, இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். 1948-இல் அவர் வெளியிட்ட முடிவுகள், புற்றுநோயை மருந்தால் அடக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு அடித்தளமாயின. இன்று மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட் அந்த வரிசையில் வந்தது.

அடுத்தது ஆன்டிபயாடிக். பெனிசிலினுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் கட்டுப்படாத நோய்களுக்கு ஒரு மருந்து வேண்டும் என்று சுப்பாராவின் பிரிவு தேடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்று, எழுபது வயதைக் கடந்திருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர் அந்தக் குழுவில் இருந்தார். பல ஊர்களிலிருந்து மண் மாதிரிகளை வரவழைத்து, அவற்றில் வாழும் நுண்ணுயிர்களை அவர் சோதித்தார். மிசௌரி பல்கலைக்கழகப் பண்ணை மண்ணிலிருந்து வந்த ஒன்று பொன் நிறத்தில் வளர்ந்தது. அது சுரந்த பொருள் பலவகைக் கிருமிகளின் வளர்ச்சியை நிறுத்தியது. ஆரியோமைசின் என்று பெயரிட்டு 1948 ஜூலையில் அறிவித்தார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது.

சகோதரர்களைக் கொன்ற அந்த ஸ்ப்ரூ நோய்க்கு மருத்துவர்கள் பிற்காலத்தில் கொடுக்கத் தொடங்கிய சிகிச்சை இரண்டு மருந்துகளால் ஆனது. ஒன்று ஃபோலிக் அமிலம், இன்னொன்று டெட்ராசைக்ளின். ஃபோலிக் அமிலமும், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த மருந்தும் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. தம்பி தமையனுக்குக் காலம் கடந்து வந்த மருந்து, ஊர் பேர் தெரியாத எத்தனையோ வீடுகளில் தம்பி தமையன்களைக் காப்பாற்றியது.

ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட அடுத்த மாதமே, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்தில் மாரடைப்பால் காலமானார். கண்டுபிடிப்புகளின் பெருமையை உடன் உழைத்தவர்களுக்கே விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பது அவர் வழக்கம். அதனால் உலகம் அவரை அறிய நாளானது. இந்திய அஞ்சல் துறை 1995-இல், அவருடைய நூற்றாண்டில், தபால்தலை வெளியிட்டது.

திருக்கோவிலூரிலும் கல்வராயன் மலையிலும்

அவருடைய குழு 1947-இல் கொண்டுவந்த இன்னொரு மருந்து யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரை. வீடு வீடாக வந்து, கண்ணெதிரே விழுங்கச் சொல்லிச் சுகாதாரப் பணியாளர்கள் கொடுத்த மாத்திரை பலருக்கு நினைவிருக்கும். நம் மாவட்டத்துத் திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களில், மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் இந்த மருந்தை வைத்துப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தார்கள். சில கிராமங்களில் மருந்து மட்டும் கொடுத்தார்கள். வேறு சில கிராமங்களில் மருந்தோடு, கழிவுநீர்க் குழிகளில் பாலிஸ்டைரீன் மணிகளை மிதக்கவிடுவது போன்ற வழிகளில் கொசுவையும் கட்டுப்படுத்தினார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் பலன் நீடித்தது கொசுவையும் கட்டுப்படுத்திய கிராமங்களில்தான். இந்த முடிவு 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. எவ்வளவு நல்ல மருந்தானாலும், சாக்கடையைச் சரி செய்யாவிட்டால் அது தனியாகப் போராடித் தோற்கும் என்பதற்கு நம் பக்கத்து ஊரே சாட்சி.

டெட்ராசைக்ளின் குடும்பத்தில் 1960-களில் வந்த டாக்ஸிசைக்ளினும் நமக்கு அந்நியமில்லை. புதர்களில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலுக்கு அதுதான் முதல் மருந்து. ஆடு மாடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்குபவர்கள், காட்டோரம் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு இந்தக் காய்ச்சல் வரும் வாய்ப்பு அதிகம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு காணப்படலாம். நேரத்தோடு கொடுத்தால் மலிவான இந்த மாத்திரை உயிரைக் காப்பாற்றும்.

வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு மலைக் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு தாய்க்குத் தொற்று வந்தால், சுகாதார நிலையத்தில் கிடைக்கும் முதல் மருந்து வேலை செய்தாக வேண்டும். செய்யாவிட்டால், அடுத்த மருந்துக்கு மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். அதுவும் கேட்காவிட்டால் சேலம் அல்லது புதுச்சேரி ஜிப்மர். ஒவ்வொரு படிக்கும் காசும் நேரமும் கூடும். நமக்கு மருந்துக் கடை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மலிவான மருந்து பலமிழந்தால் முதலில் அடிபடுபவர்கள் அவர்கள்.

மருந்து எப்படிப் பலமிழக்கிறது?

டெட்ராசைக்ளின், கிருமிக்குள் புகுந்து அது புரதம் செய்வதைத் தடுக்கிறது. புரதம் இல்லாமல் கிருமி பெருக முடியாது. ஆனால் கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ ஒன்றிரண்டு, தற்செயலாக ஒரு தற்காப்பைப் பெற்றிருக்கும். மழைக்காலத்தில் அடித்தளத்தில் புகுந்த தண்ணீரை நாம் மோட்டார் வைத்து இறைப்பது போல, உள்ளே வந்த மருந்தை உடனுக்குடன் வெளியே தள்ளும் பம்பு அவற்றிடம் இருக்கும். மருந்து மற்ற கிருமிகளை அழித்துவிட, இடம் காலியாகி, பம்பு உள்ளவை மட்டும் பெருகும். அதோடு நிற்பதில்லை. பம்பு செய்யும் குறிப்பை அவை பக்கத்தில் உள்ள வேறு இனக் கிருமிகளுக்கும் கைமாற்றிக் கொடுக்கும். 1950-களிலேயே ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் டெட்ராசைக்ளின் உட்படப் பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் கட்டுப்படாமல் போயின.

சுப்பாராவ் மறைந்த சில மாதங்களில் லெடர்லியிலேயே இன்னொன்று நடந்தது. ஆரியோமைசின் தயாரித்தபின் மிஞ்சிய கசடைக் கோழிக் குஞ்சுகளுக்கு அவருடைய முன்னாள் சகாக்களான தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வேகமாக எடை கூடின. நோயே இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் தினமும் சிறிதளவு ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் இங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. நோயை முழுதாக வெல்லாத அந்தச் சிறு அளவு, பம்பு வைத்த கிருமிகளை வளர்க்கத் தோதானது. 1976-இல் ஸ்டூவர்ட் லெவி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பண்ணையில் சோதித்துக் காட்டினார். டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் தின்ற கோழிகளின் குடலில் எதிர்ப்புக் கிருமிகள் பெருகியது மட்டுமல்ல, சில மாதங்களில் பண்ணையில் குடியிருந்த குடும்பத்தாரின் குடலிலும் அவை வந்துவிட்டன. அவர்கள் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களே அல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை 2006-இல் நிறுத்தியது. கடைசி ஆயுதமாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுப்பதை இந்தியா 2019-இல் தடை செய்தது. மக்காச்சோளம் விளைவிக்கும் மாவட்டம் நம்முடையது. அந்தச் சோளம் போய்ச் சேருவது பெரும்பாலும் கோழித் தீவனத்தில்தான். ஆகவே இது தொலைதூரச் செய்தி இல்லை.

சுப்பாராவ் படித்த சென்னையும் இந்தக் கதையில் வருகிறது. மிக வலுவான ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 என்ற நொதி பரவியிருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதை முன்னின்று எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. 2012-இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தக் கோரும் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை எச்-1 பட்டியலில் சேர்த்து, சீட்டின்றி விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் நேரடியாக இறந்ததாக ஒரு பெரிய சர்வதேச மதிப்பீடு கூறுகிறது.

நம் வீட்டளவில் செய்யக்கூடியவை

• சாதாரண சளி, டெங்கு, ஃப்ளூ காய்ச்சல் ஆகியவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் இவற்றுக்குக் கேட்காது. டாக்டர் எழுதித் தரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

• மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டோடு மட்டுமே வாங்க வேண்டிய மருந்து. பழைய சீட்டைக் காட்டியோ, வாட்ஸ்அப் குழுவில் பெயர் கேட்டோ வாங்க வேண்டாம்.

• எழுதிக் கொடுத்த அளவில், எழுதிக் கொடுத்த நாட்கள் வரை சாப்பிடுங்கள். நடுவில் நிறுத்தத் தோன்றினால் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். மீந்ததைப் பக்கத்து வீட்டுக்கோ, வேலைக்கு வரும் அம்மாவுக்கோ கொடுப்பது உதவி ஆகாது.

• காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். அவை சாதாரணக் குப்பை அல்ல. தனி உறையில் போட்டு, சொல்லிக் கொடுங்கள்.

• குடிநீர்த் தொட்டியைக் காலம் தவறாமல் கழுவுவதும், கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்வதும் சங்கத்தின் பராமரிப்பு வேலை மட்டும் இல்லை. தொற்று குறைந்தால் மருந்தின் தேவை குறையும். திருக்கோவிலூர் கிராமங்கள் காட்டிய பாடம் இதுதான்.

• கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் உரிய தடுப்பூசிகளைத் தவறாமல் போடுவதும் மருந்தைச் சேமிக்கும் வழிகள்.

நம் மாவட்டத்துக்கென்று சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி திறக்கப்பட்டது. அது சுப்பாராவின் பிறந்தநாளும்கூட என்பது தற்செயல்தான். ஆனால் அங்கே படிக்கும் பிள்ளைகளில், மூன்றாவது முயற்சியில் தேறி வந்த யாரோ ஒருவரும் இருக்கலாம். கல்வராயன் மலையிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். அவர்கள் டாக்டராகி வெளியே வரும் நாளில் எழுதிக் கொடுக்க, வேலை செய்யும் மருந்துகள் மிச்சம் இருக்க வேண்டும். இந்த வார இறுதியில் மருந்து டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள்.